பம்பின் மேல் போட்ட பழி

அவருடைய பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. யார் வாயிலும் இல்லை. வாயில் இருந்ததெல்லாம் ‘அசையாதே’ மட்டும்தான். ‘அசையாதே வந்தாச்சா?’ ‘அசையாதே சாப்பிடப் போயிட்டாரு.’ ‘இந்தக் காகிதத்தை அசையாதேகிட்ட கொடுத்துடு.’ பத்தொன்பது வருஷமாக ஒரு மனுஷன் ஒரே வார்த்தையை எல்லார் முகத்திலும் எறிந்துகொண்டிருந்தால், அது எறிந்தவர் மேலேயே ஒட்டிக்கொள்ளாமல் வேறு எங்கே போகும்?

அவர் அப்பா கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு கடை. கண்ணாடி போட்ட மேசை. அதன் மேல் எள்ளைவிடச் சின்னத் திருகாணிகள். பிள்ளைகள் மேசைப் பக்கம் வந்தால் ‘அசையாதே’ என்பார். அதில் நியாயம் இருந்தது. திருகாணி உருண்டால் தவழ்ந்து தேடுவது அவர்தானே. மூத்த மகன் அந்த வார்த்தையை மட்டும் சொத்தாக எடுத்துக்கொண்டார். பொறுமையைத் தம்பிக்கு விட்டுவிட்டார். தம்பி அதே கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனுஷன், ஆகவே அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மூத்தவரைப் படிக்க வைத்தது தாய்மாமன். அம்மாவுக்கு நேர் இளையவர், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பவர், அக்காமார் மூன்று பேருக்கும் செல்லம். அவர்தான் நாலு பேர் காலைப் பிடித்து எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் சேர்த்துவிட்டார். பிள்ளை தேறியது. ஆய்வுக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. வேலை கிடைத்த மறுநாளே மாமனைப் பார்த்து, ‘காலை இழுக்காம நடங்க மாமா, தரை அதிருது’ என்று சொன்னதாக அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சொல்லியிருப்பார். சொல்லக்கூடிய ஆள்தான்.

ஆய்வுக்கூடத்தில் நடந்த வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் அடித்த கூத்து விளங்காது.

தரைக்கு அடியில் ஒரு நீளமான சுரங்கம். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களை முடுக்கி விரட்டுவார்கள். விரட்டுகிற வேலையைச் செய்வது ஓர் உலோகக் குடுவை. ஒன்பது பானைகளைப் படுக்கவைத்து, அடியை வெட்டி, வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. நயோபியம் என்கிற உலோகம். சுவர் மூன்று மில்லிமீட்டர் கனம் இருந்தால் அதிகம். அதைத் திரவ ஹீலியத்தில் முக்கி வைப்பார்கள். எந்த ஊர்க் குளிர்காலமும் கிட்டே வர முடியாத குளிர் அது. அந்தக் குளிரில் சுவரில் ஓடுகிற மின்சாரத்துக்குத் தடை என்று ஒன்று அநேகமாக இருக்காது. குடுவைக்குள் ரேடியோ அலை ஒரே சுருதியில் நிற்கும். துகள்கள் அந்த அலையின் மேல் ஏறிப் பறக்கும்.

தொல்லையெல்லாம் அந்தச் சுருதியில்தான். ஒரு தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு சுவர் உள்ளே போனாலும் சுருதி விலகிவிடும். மோட்டார் அதிர்ந்தால் விலகும். ஹீலியம் கொப்பளித்தால் விலகும். அதைச் சரிக்கட்டத்தான் திருத்தப் பெட்டி என்று ஒன்று வைத்திருந்தார்கள். குடுவையின் ஒரு முனையில் பீசோ என்கிற சின்னக் கட்டி இருக்கும். மின்சாரம் கொடுத்தால் துளி வீங்கும், குறைத்தால் சுருங்கும். சுருதி எந்தப் பக்கம் விலகுகிறது என்று பெட்டி பார்த்து, எதிர்ப்பக்கமாகக் குடுவையை அழுத்தச் சொல்லி அந்தக் கட்டிக்கு உத்தரவு கொடுக்கும். எவ்வளவு பலமாக அழுத்துவது என்பதற்கு ஓர் எண் உண்டு. கெயின் என்பார்கள். அந்த எண்ணைத் தொடுகிற உரிமை அந்தக் கட்டிடத்திலேயே அசையாதே ஒருவருக்குத்தான்.

ஒரு எண்ணைத் தொடுகிற உரிமை கிடைத்ததும் மனுஷனுக்கு உலகமே தன் விரல் நுனியில் நிற்பதாக நினைப்பு வந்துவிட்டது. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ‘அமைதி நேரம்’ என்று பலகை மாட்டினார். அந்த இரண்டு மணி நேரமும் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். தள்ளுவண்டி உருளக் கூடாது. நாற்காலியை இழுக்கக் கூடாது. தூக்கித்தான் நகர்த்த வேண்டும். கேன்டீனில் மிக்ஸி ஓடக் கூடாது. கழிப்பறையில் தண்ணீரை இழுத்துவிடக் கூடாது. அந்தக் கடைசி விதி எப்படி மணந்தது என்பதைப் பெருக்குகிற அம்மாள்தான் சொல்ல வேண்டும். சொன்னாள். அமைதி நேரம் முடிந்த பிறகு, அவருக்கு நேரே நின்று சொன்னாள். இவருக்கு மட்டும் அந்த இரண்டு மணி நேரத்திலும் தோல் ஷூ. ‘கண்காணிக்கிறவன் வேகமா நடக்கணுமில்ல’ என்பார்.

வீட்டிலும் அதே கதைதான். மூடியை மெதுவாக வை, கதவைச் சாத்தாதே, திரும்பிப் படுக்காதே. மனைவி முதல் பத்து வருஷம் கேட்டுக்கொண்டாள். பதினோராவது வருஷம், ‘ஏங்க, நான் மூச்சு விடலாமா, இல்ல அதுக்கும் ஏதாவது ஃபாரம் எழுதித் தரணுமா?’ என்று கேட்டாள். அன்றிலிருந்து மூடியை ஓங்கித்தான் வைத்தாள்.

மனைவிக்கு ஒரு தங்கை. அவளைக் கட்டியவரை ஆய்வுக்கூடத்தில் பம்புக்காரர் என்பார்கள். மாமனார் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவருக்கு இரண்டே பெண்கள். பெரியவளை டிப்ளமோ மாப்பிள்ளைக்கு ஊர் மெச்சக் கொடுத்தார். நாலு வருஷம் கழித்துச் சின்னவளை, அதே ஆய்வுக்கூடத்தில் பம்பு ஓட்டுகிற இந்த மனுஷருக்குக் கொடுத்தார். சின்னவள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது, படம் எடுப்பவனை ஒதுக்கிவிட்டு அசையாதே முன்னால் நின்று, ‘நீ இங்க வா, நீ அங்க போ, யாரும் அசையாதீங்க’ என்று கால் மணி நேரம் வாட்டி எடுத்தார். கடைசியில் மாப்பிள்ளை கோலத்தில் நின்றவர், ‘சகலை, நாங்க யாரும் அசையல. நீங்கதான் குறுக்கும் நெடுக்கும் போயிட்டிருக்கீங்க’ என்றார். பந்தலே வெடித்துச் சிரித்தது. அசையாதே முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார்.

அந்தப் பம்பு சாதாரணப் பம்பு இல்லை. குடுவையைச் சுற்றியுள்ள ஹீலியத்தின் மேல் எழும்புகிற ஆவியை அது இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் குளிர் நிற்கும். நின்றுபோனால் ஹீலியம் சூடேறிக் கொதித்துப் பறந்துவிடும். வாரக்கணக்கில் பட்ட பாடு அத்தனையும் வீண். அதனால்தான் பம்புக்காரருக்குப் பம்பு அறையை ஒட்டியே இரண்டு அறை வீடு கொடுத்திருந்தார்கள். அதில் அவர், சின்னவள், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். பம்பின் சத்தம் மாறினால் சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்து ஓடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பம்பு முன்னறிவிப்பு இல்லாமல் நின்றது கிடையாது.

இப்படி இருக்கையில் ஒரு சேதி வந்தது. வெளியிலிருந்து ஒரு குழு வந்து பார்க்கப் போகிறது. குடுவை எட்டு மணி நேரம் சுருதி பிசகாமல் நிற்கிறதா என்று சோதிப்பார்கள். நின்றால் அடுத்து இருபது குடுவை கட்ட அனுமதி. அசையாதேக்கு உடனே தலை கால் புரியவில்லை. திரையில் ஓடுகிற கோடு ஏற்கெனவே நூல் மாதிரிதான் இருந்தது. அது பட்டு நூல் மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. கெயின் ஐந்தில் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் எட்டுக்கு ஏற்றினார். ஒரு வாரம் கோடு மெலிந்துதான் போயிற்று. போகிறவர் வருகிறவரையெல்லாம் பிடித்து இழுத்துக் காட்டினார்.

பிறகு கோடு தடிக்க ஆரம்பித்தது. முதலில் புழு மாதிரி. அப்புறம் பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி. நொடிக்கு நாற்பத்தொரு ஆட்டம் என்று பெட்டி கணக்குச் சொன்னது. திரையின் ஓரத்தில் எந்த ஆட்டம் எவ்வளவு என்று காட்டுகிற படத்திலும் நாற்பத்தொன்றில் ஒரு முள் எழுந்து நின்றது.

ஏற்றினது நானாச்சே, இறக்கிப் பார்ப்போம் என்று தோன்ற வேண்டுமே! தோன்றவில்லை. பெட்டி மருந்து, மருந்தை யாராவது சந்தேகப்படுவார்களா? நோய் எங்கே என்று தேடப் புறப்பட்டார். வெளிச்சாலையில் போகிற லாரிகளை ஒரு வாரம் எண்ணினார். கேன்டீனில் மாவரைப்பதை நிறுத்தினார். பெருக்குகிற அம்மாளின் வாளிச் சக்கரத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அவள் ஒரு மாதம் வாளியைத் தூக்கிச் சுமந்தாள். பிரஷ் அப்படியேதான் இருந்தது. மூன்றாவது மாதம், வேறு போக்கிடம் இல்லாமல், பம்பு அறைக்குப் போனார்.

‘உன் பம்பு ஆடுது’ என்றார் வாசலில் நின்றபடியே.

பம்புக்காரர் எண்ணெய்த் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ‘வாங்க சகலை. ஆடாம பம்பு எங்க இருக்கு? எத்தனை ஆட்டம்னு சொல்லுங்க’ என்றார்.

‘நொடிக்கு நாப்பத்தி ஒண்ணு.’

‘இது நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூத்தி அம்பது சுத்து. அறுபதால வகுத்தா இருபத்தி நாலு சொச்சம். ரெட்டிச்சாலும் நாப்பத்தி எட்டு. நாப்பத்தி ஒண்ணு எப்படி சகலை? வர்ற வழியில ஏழு ஆட்டம் தொலைஞ்சு போச்சா?’

‘கட்டிடம் வழியா வரும்போது மாறும். அதெல்லாம் உனக்குப் புரியாது.’

‘மாறாதே சகலை. கூடக் குறைய ஆடும், எண்ணிக்கை மாறாது. நாலு வருஷத்துக்கு முன்னாடி நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க? பலகையில எழுதிக்கூட காட்டினீங்களே.’

உண்மைதான். எழுதிக் காட்டியிருந்தார். அசையாதேக்கு அது நினைவு வந்தது. இருபத்திநாலு நாற்பத்தொன்று ஆகாது என்பதும் அவருக்கு நன்றாகவே தெரியும். டிப்ளமோ என்ன சும்மாவா? ஆனால் பக்கத்தில் பம்புக்காரரின் உதவியாளர்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கல்யாணப் பந்தலில் கேட்ட சிரிப்பு மறுபடியும் காதில் கேட்டது. திரும்பி நடந்தார். நேரே போய் அறிக்கை எழுதினார்.

அறிக்கை எழுதுவதில் மனுஷன் கெட்டிக்காரர். அதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பம்பு அறையின் நீண்டகாலப் பராமரிப்புக் குறைபாட்டால் எழும் அதிர்வு, கட்டிடத்தின் வழியே உருமாறிக் குடுவையை அடைகிறது’ என்று ஆரம்பித்துப் பதினோரு பக்கம். உருமாறி! அந்த ஒரு சொல்லில் பொய்யை வைத்துப் பூசி மெழுகிவிட்டார். முடிவில் பரிந்துரை: பம்பு அறையை வெளிக் கம்பெனியிடம் கொடுக்க வேண்டும், இப்போதைய ஆளை விடுவிக்க வேண்டும், ஒட்டியுள்ள வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்ல வேண்டும்.

சேதி சின்னவள் காதுக்குப் போய், அங்கிருந்து பெரியவள் காதுக்கு வந்தது. அன்று மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது பெரியவள் மூடி எதையும் ஓங்கி வைக்கவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

‘என் தங்கச்சி ரெண்டு பொண்ணுங்களோட எங்க போவா?’ என்றாள்.

‘ஆபீஸ் விஷயத்தை வீட்டுக்குக் கொண்டு வராதே.’

‘நான் கொண்டு வரல. நீங்கதான் வீட்டு விஷயத்தை ஆபீஸுக்குக் கொண்டு போயிருக்கீங்க. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் சொன்ன வெளையாட்டுப் பேச்ச இன்னும் மடியில கட்டிட்டுத் திரியறீங்க.’

‘கருவி சொல்லுது, நான் சொல்லல.’

‘அப்ப அந்தக் கருவிய வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. அதுக்கே சாப்பாடு போடறேன்.’

அன்றைக்கு அவரே தட்டு எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்.

ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஒரு அம்மாள். அதிகம் பேசமாட்டார்; மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ நடக்கப் போகிறது என்று அர்த்தம். பதினோரு பக்கத்தையும் படித்துவிட்டு இருவரையும் கூப்பிட்டார்.

‘பம்பை நிறுத்திப் பாத்தீங்களா?’

‘நிறுத்த முடியாதும்மா. ஹீலியம் போயிடும்’ என்றார் அசையாதே. அது அவருக்கு வசதியாகவும் இருந்தது.

பம்புக்காரர் கதவோரம் நின்றபடி, ‘நிறுத்த முடியாதும்மா. ஆனா வேகத்தைக் குறைக்கலாம். ஆயிரத்து முன்னூறுக்குக் கொண்டு வந்தா கொஞ்ச நேரம் தாங்கும். பம்புதான் காரணம்னா, வேகம் மாறறப்ப சார் படத்துல நாப்பத்தி ஒண்ணுல இருக்கிற முள்ளும் இடம் மாறணும். மாறலன்னா நான் காரணம் இல்ல’ என்றார். ‘சார்’ என்றார்; அந்த அறைக்குள் ‘சகலை’ என்று அவர் கூப்பிட்டதில்லை.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். ‘குழு நாளைக்குப் பதினொரு மணிக்கு வருது. எட்டு மணிக்கு இதைச் செஞ்சு பாப்போம். அதைப் பாத்துட்டுத்தான் இதுல கையெழுத்துப் போடுவேன்.’

மறுநாள் காலை ஏழு மணிக்கே அசையாதே கட்டுப்பாட்டு அறைக்கு வந்துவிட்டார். வேறு எவரும் வரவில்லை. குழு வரும்போது பெட்டி புதுக் கணக்கோடு ஓட வேண்டும், பழைய எண்கள் திரையில் தெரியக் கூடாது என்பதற்காகப் பெட்டியை அணைத்துப் போட்டார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அணைக்கிறார். திரும்ப எழுந்து வேலையைப் பிடிக்க அதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். அதுவரை பீசோவுக்கு உத்தரவு கிடையாது. குடுவை தன்பாட்டுக்கு நிற்கும். திரையை மட்டும் வேறு கருவி ஓட்டிக்கொண்டிருந்தது.

கோடு மெலிந்தது. பிரஷ் புழுவாயிற்று, புழு நூலாயிற்று. நாற்பத்தொன்றில் முள் நின்ற இடம் வெறும் தரை.

இரண்டு நிமிஷம் கழித்துப் பெட்டி விழித்துக்கொண்டது. உத்தரவு போக ஆரம்பித்தது. நூல், புழு, பிரஷ்.

அசையாதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முட்டாள் இல்லை என்பதுதான் இதில் பெரிய அசிங்கம். பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. ஊஞ்சலில் ஆடுகிற பிள்ளையை நிறுத்துகிறேன் என்று ஒருவன் கையை நீட்டுகிறான். அந்தக் கை கொஞ்சம் பிந்துகிறது, பலமும் கூடுதல். தடுக்கிற கை தள்ளுகிற கையாகிவிடும். பிள்ளை இன்னும் உயரப் போகும். அதைப் பார்த்து அவன் இன்னும் பலமாகக் கையை நீட்டுவான். குடுவைக்கு நொடிக்கு நாற்பத்தொன்று என்று தன்னுடைய ஆட்டம் ஒன்று உண்டு. கெயின் ஐந்தில் அது தூங்கிக்கொண்டிருந்தது. எட்டுக்கு ஏற்றியதும் பெட்டியே அதைத் தட்டி எழுப்பி, ஆட்டி, ஆடுகிறதே என்று மறுபடி அழுத்தி, மூன்று மாதமாக ஆட்டிக்கொண்டிருந்தது. லாரி இல்லை. வாளி இல்லை. பம்பு இல்லை.

அப்போது மணி ஏழு பத்து. தொலைபேசி கைக்கு எட்டுகிற தூரத்தில். பம்பு அறைக்கு மூன்று எண்களை அழுத்தினால் போதும். ‘தப்பு என்மேல’ என்று சொல்ல அரை நிமிஷம் ஆகும். மனுஷனாய்ப் பிறந்தவன் அதைத்தான் செய்வான்.

இவர் கெயினை எட்டிலிருந்து ஐந்துக்கு இறக்கினார். கோடு அடங்கியது. உடனே அவர் புத்தி வேறு பக்கம் ஓடியது. எட்டு மணிக்குப் பம்பின் வேகத்தைக் குறைக்கப் போகிறார்கள். பிரஷ் இல்லாமல் இருக்கும். வேகம் குறைந்தது, பிரஷ் போயிற்று, ஆகவே பம்பு! நினைக்க நினைக்க அவருக்கு உச்சி குளிர்ந்தது. ஓடுகிற படம் முன்னதாக யார் கண்ணிலும் படக்கூடாதென்று திரையை அணைத்தார். நேற்றைய பிரஷ் படத்தைப் பெரிதாக அச்செடுத்து மேசையில் விரித்து வைத்தார். சின்னவளின் முகம் ஒரு தடவை வந்துபோனது. வெளிக் கம்பெனிக்காரர்களிடம் சொல்லிப் பம்புக்காரருக்கு எங்கேயாவது ஒரு காவலாளி வேலை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று அதற்கும் சமாதானம் சொல்லிக்கொண்டார். தாராள மனசு!

எட்டு மணிக்கு இயக்குநர் அம்மாள் வந்து நின்றார். அசையாதே பம்பு அறைக்குப் போன் போட்டார்.

‘வேகத்தைக் குறை.’

‘சரி சார். ஆனா முதல்ல வால்வைத் திருப்பி அழுத்தத்தை…’

‘வியாக்கியானம் வேண்டாம். குறை.’ ரிசீவரை வைத்துவிட்டார். அரை நிமிஷம் மேசையில் தாளம் போட்டார். பிறகு திரையைப் போட்டார்.

‘பாருங்கம்மா! நேத்து இது. இப்ப இது. வேகம் குறைஞ்ச உடனே ஆட்டம் அடங்கிடுச்சு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?’

அம்மாள் திரையைப் பார்த்தார். அச்செடுத்த படத்தைப் பார்த்தார். ‘சுத்தமா இருக்கே’ என்றார். பிறகு ரிசீவரைத் தானே எடுத்து, அசையாதேக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார். ‘நான்தான் பேசறேன். இப்ப பம்பு எவ்வளவு வேகத்துல ஓடுது?’

‘ஆயிரத்து நானூத்தி அம்பதும்மா’ என்றது பம்புக்காரரின் குரல். ‘நான் இன்னும் கையே வைக்கல. வால்வைச் சரிபண்ணாம குறைச்சா ஹீலியம் கொதிச்சிடும். அஞ்சு நிமிஷம் ஆகும்னு சொல்ல வந்தேன், சார் போனை வெச்சுட்டாரு.’

அந்த அறையில் அப்போது நிலவிய அமைதியை எந்தப் பலகையாலும் கொண்டுவந்திருக்க முடியாது.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். ‘சரி. வால்வைத் திருப்பிட்டு நிதானமா குறைங்க’ என்று போனில் சொன்னார். ஐந்து நிமிஷம் போயிற்று. திரையின் ஓரத்தில், இருபத்திநாலில், நகக்கண் அளவு ஒரு சின்ன முள் நின்றுகொண்டிருந்தது. அது மெல்ல நகர்ந்து இருபத்திரண்டுக்குக் கிட்டே போய் நின்றது. இருபத்திரண்டு வருஷம் ஓடிய பம்பு குடுவைக்குச் செய்த கெடுதல் மொத்தமும் அவ்வளவுதான்.

‘பெட்டியோட பதிவைத் திறங்க’ என்றார் அம்மாள்.

பெட்டி யார் எப்போது எதைத் தொட்டாலும் எழுதி வைக்கும். அப்படி எழுதி வைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தவரே அசையாதேதான். அடுத்தவர்கள் தொட்டால் பிடிக்க வேண்டுமே! ஏழு மணி பன்னிரண்டு நிமிஷம், எட்டிலிருந்து ஐந்து. அதற்கு மேல் வரியில், மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி, ஐந்திலிருந்து எட்டு. இரண்டுக்கும் நேரே ஒரே ஆளின் பெயர்.

‘எட்டு வைங்க’ என்றார் அம்மாள்.

வைத்தார். ஒரு நிமிஷத்தில் பிரஷ் முளைத்தது.

‘அஞ்சு.’

அடங்கியது.

‘எட்டு.’

‘அம்மா, அது வந்து…’

‘எட்டு.’

மூன்று தடவை வைக்கச் சொன்னார், மூன்று தடவை எடுக்கச் சொன்னார். திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். கடைசியில் பதினோரு பக்கத்தையும் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். ‘இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வேற எழுதுங்க. அதை அவர் படிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் நான் வாங்கிப்பேன்.’

பதினோரு மணிக்குக் குழு வந்தது. கெயின் ஐந்தில் குடுவை ஆடாமல் அசையாமல் எட்டு மணி நேரமும் நின்றது. அசையாதே இனி நாலு நாளைக்கு வாயைத் திறக்காமல் இருப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். குழுவில் ஒருவர், ‘நடுவுல ஏதோ நாப்பத்தி ஒண்ணுன்னு தொந்தரவு இருந்ததாமே?’ என்று கேட்டாரோ இல்லையோ, அசையாதே எழுந்து நின்றுவிட்டார். திருத்தம் அளவு மீறினால் திருத்தமே தொந்தரவாகும் என்று ஊஞ்சல் உதாரணத்தோடு இருபது நிமிஷம் பிரசங்கம். ‘எங்க குழு உன்னிப்பா ஆராய்ஞ்சு கண்டுபிடிச்சுது’ என்றார். இயக்குநர் அம்மாள் குறுக்கே பேசவில்லை. சொன்ன விஷயம் சரியானதுதானே. கடைசி வரிசையில் பெருக்குகிற அம்மாள் தேநீர்த் தட்டோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவருக்கு மட்டும் தேநீர் கொடுக்காமல் அடுத்தவரிடம் போனாள்.

சோதனை முடிந்து விளக்குப் போடுகிற நேரத்தில், ஒரே பக்கத்தில் புது அறிக்கையை எழுதி எடுத்துக்கொண்டு பம்புக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார். இரண்டு பெண்களும் சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ‘பெரியப்பா வந்திருக்காரு’ என்று சின்னது உள்ளே பார்த்துக் கத்தியது. அவர் பழக்கதோஷத்தில் ‘கத்…’ என்று ஆரம்பித்து முழுங்கிக்கொண்டார்.

பம்புக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து காகிதத்தை வாங்கிப் படித்தார். நிதானமாகப் படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

‘கெயின் கூடினதால ஆட்டம் வந்துச்சு, குறைச்சதும் போயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. சரிதான்’ என்றார். ‘பம்பைப் பத்தி ஒண்ணும் இல்லையே சகலை?’

‘அதான் பம்பு காரணம் இல்லன்னு ஆயிடுச்சே. எழுதணுமா என்ன? படிக்கிறவங்களுக்குத் தானாப் புரியும்.’

‘பதினோரு பக்கத்துல என் பேர் ஒன்பது தடவை இருந்துச்சு. எண்ணிப் பாத்தேன். இதுல ஒரு தடவை கூட இல்ல.’

‘கையெழுத்துப் போடுப்பா. அம்மா காத்திட்டிருக்காங்க.’

அதுவரை உள்ளே இருந்த சின்னவள் வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தரையில் கிறீச்சென்று கேட்டது. ‘உக்காருங்க அத்தான்’ என்றாள். ‘இங்கயே உக்காந்து எழுதுங்க. பம்புல குறை இல்ல, பம்பு ஓட்டுறவர்கிட்ட குறை இல்ல, வீட்டைக் காலி பண்ணச் சொன்னது தப்பு. மூணு வரி. எழுதற வரைக்கும் இவரு கையெழுத்துப் போடமாட்டாரு.’

‘இவரு போடமாட்டாராமா? நீயே சொல்றே!’

‘அவ சொன்னா சரிதான் சகலை’ என்றார் பம்புக்காரர். ‘நான் பம்புக்கு மட்டும்தான் பொறுப்பு.’

அசையாதே சட்டைப் பையைத் தடவினார். பேனா இல்லை. பெரிய பெண் தன் பேனாவை நீட்டினாள். அறிக்கை எழுதுவதில் அவ்வளவு கெட்டிக்காரர், அந்த மூன்று வரிக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். முதலில் ‘குறை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை’ என்று எழுதினார். சின்னவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அடித்துவிட்டு எழுதினார். வீட்டைப் பற்றிய வரியை விட்டுவிடப் பார்த்தார். அதையும் அவள் விடவில்லை. கடைசியில் பம்புக்காரர் இன்னொரு தடவை முழுவதையும் படித்து, அடியில் தன் பெயரை எழுத்துக் கூட்டி அழகாக எழுதினார். அதே கையோடு காகிதத்தை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குத் தானே கிளம்பினார். அதை அசையாதே கையில் திரும்பக் கொடுக்கிற அளவுக்கு அவர் ஏமாளி இல்லை.

வாசல் வரை எழுந்துபோன அசையாதே, சின்னவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். ‘இந்த மூணு வரி… உங்க அக்காவுக்குத் தெரிய வேண்டாம். என்ன?’

‘நீங்க ரெண்டாவது வரி எழுதும்போதே போன் பண்ணிட்டேன் அத்தான்’ என்றாள் சின்னவள்.

அவர் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் புத்தகத்தை எடுத்து வைத்துவிட்டுத் தட்டுகளை வைக்க ஆரம்பித்தார்கள். ‘பெரியப்பாவுக்கும் வைக்கவா?’ என்று சின்னது கேட்டது. ‘வை’ என்றாள் சின்னவள். ‘அவர் இப்போதைக்குப் போகமாட்டாரு.’